மேற்கே பார்த்து ஒரு வஜ்ராசனம்

இங்கே எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்தால் வெற்றிலைத் தட்டம் வருவதில்லை. என் கணவர் முழங்காலை மடித்து, குதிகால்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுகிறார். ஊரில் இருப்பவர்கள் சிரிக்கக்கூடாது. மலாயாவில் ஒரு சின்ன ரயில் நிலையத்துக்கு அவர் ஸ்டேசன் மாஸ்டர். முன்பெல்லாம் ரயில் வரும் சத்தம் கேட்டாலே அவருக்கு வயிற்றைப் பிசையும். கொடி பிடிக்க வேண்டிய நேரத்தில் கக்கூசுக்கு ஓடுவார். வண்டி இல்லாத நாளில், மறுநாள் வரப்போகும் வண்டியை நினைத்து வயிறு கலங்கும்.

வெள்ளைக்கார டாக்குத்தர் தட்டிப் பார்த்துவிட்டு, குடலில் குற்றமில்லை, மனப்பயம்தான் என்றார். அங்கே மருந்து கலக்கும் தஞ்சாவூர்க் கொம்பவுண்டர்தான் வஜ்ராசனத்தைக் காட்டிக் கொடுத்தார். வயிறு நிறைந்த பிறகும் செய்யக்கூடிய ஆசனமாம். நான் நம்பவில்லை. ஆனால் சில மாதங்களில் அவர் கடைசிப் பெட்டி போகும்வரை கொடியோடு பிளாட்பாரத்தில் நின்றார். எங்கள் தீவில், ஊர்காவற்றுறைப் படகுத்துறையில், வயிற்றுக்காகப் பனந்தோப்புப் பனங்கூடலுக்குள் ஒதுங்கியவர் திரும்பி வரும்வரை படகுக்காரர் பாயை விரிக்காமல் காத்திருப்பார். அந்தத் தீவில் பிறந்தவரைக் கொண்டுபோய் ரயிலுக்கு முன் நிறுத்தினால் வயிறு பாவம் என்ன செய்யும்?

எங்கள் நிலையத்தில் தண்டவாளம் மாற்றும் ஹசன் மலாய்க்காரர். முழங்கால் மடித்திருந்த துவானை, அதாவது தன் ஐயாவை, கண்டதும் தொழுகிறார் என்று முடிவு கட்டி, மகிழ்ச்சியோடு வாசலில் காவல் நின்றார். "அது தொழுகை இல்லை, வயிற்றுக்காக" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "ஆமாம், வயிறு நிறைந்தால் நன்றி சொல்லத்தானே வேண்டும்" என்று தலையாட்டினார்.

ஒருநாள் எங்கள் தீவுப்பக்கத்துக் கிளாக்கர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "பொறுங்கள், துவான் தொழுகிறார்" என்று ஹசன் அவரை மறித்தார். வந்தவர் எட்டிப் பார்த்தார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பிறகு லீவில் ஊருக்கும் போனார்.

அதற்குப் பின்னால் நாங்கள் லீவில் தீவில் இவருடைய ஊரான புளியங்கூடலில் போய் இறங்கியபோது மாமி மகனை வா என்று கேட்கவில்லை. நேரே டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு தொப்பியைத் தூக்கினார்.

"இதென்ன?"

"ஸ்டேசன் தொப்பி, அம்மா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

மகன் இஸ்லாத்தில் சேர்ந்துவிட்டார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. நயினாதீவு அம்மன் கோயிலில் சொந்தக்காரர் முன்னால் தேங்காய் உடைத்தால்தான் இனி இந்த வீட்டில் இடம் என்று மாமி அறுத்துச் சொல்லிவிட்டார். வயிற்றுக் கதையைச் சொல்லிவிடலாமே என்று இவரிடம் கேட்டேன்.

"ஸ்டேசன் மாஸ்டருக்கு வயித்தாலை போகுதெண்டு ஊர் சிரிக்கவோ? வாயைத் திறவாதையும்."

நயினாதீவுக்குப் போன படகு நிறையச் சொந்தக்காரர். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் இவருடைய நெற்றி வியர்த்தது. அந்த வியர்வை எனக்குப் பழக்கம். கடலில் பனங்கூடல் ஏது? அத்தனை பேர் முன்னாலும் மானம் போக வேண்டும், இல்லையென்றால் முழங்காலை மடிக்க வேண்டும். மடித்தார். படகு மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மக்காவும் அந்தப் பக்கம்தான் என்று ஒருவர் எல்லோருக்கும் விளக்கினார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்கு இருவர்மேலும் இரக்கமாக இருந்தது. ஊர்மேல் கோபமாகவும் இருந்தது.

"மாமி, அவர் தொழேல்லை. வயித்துக்கை ஏலாமல் இருக்கிறார். இப்பிடி இருந்தால்தான் அவருக்கு அடங்கும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி எழுந்து தள்ளாடிக்கொண்டு வந்து மகனின் முகத்தைப் பார்த்தார். அழுத முந்தானையாலேயே அவர் நெற்றியைத் துடைத்தார்.

"சின்னனிலையும் பள்ளிக்கூடம் போற நேரம் உனக்கு இதுதானே. இரு தம்பி, அடங்குமட்டும் இரு. அந்தப் பக்கம் மட்டும் பாக்காதை."

சொல்லிக்கொண்டே அவர் தோளைப் பிடித்துக் கிழக்குப் பக்கமாகத் திருப்பிவிட்டார். அப்படியே, அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலாயா இருக்கும் திசையைப் பார்த்தபடி, என் கணவர் நயினாதீவு போய்ச் சேர்ந்தார்.