உறை மாறிய இசைத்தட்டு

என் அண்ணியும் நானும் பழைய பொருள் கடையில் இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்குகிறோம். லேபிளில் உள்ள ஆங்கிலம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தட்டின் கீறலும் அண்ணிக்கு அத்துப்படி.

ஒன்பது வருடமாக ஒரே தட்டைத் தேடிய வாத்தியார் ஒருவர், எங்கள் கடையில் அதன் உறையைப் பார்த்துத் துள்ளினார். உள்ளே இருந்தது வேறு தட்டு. அவர் முகம் தொங்கிப்போனது.

“யாரோ ரெண்டையும் போட்டுக் கேட்டுட்டு, உறையை மாத்தி வச்சிட்டாங்க சார்,” என்றார் அண்ணி.

“ரெண்டாயிரம் தட்டு இருக்கேம்மா! எங்க போய்த் தேடுறது?”

“எதுக்குத் தேடணும்? இந்தக் கீறல் மஞ்சள் உறைக்காரனோடது. இவன் இங்க இருந்தா, உங்க ஆளு அங்கதான் இருப்பான்.”

மஞ்சள் உறைக்குள் வாத்தியாரின் தட்டு இருந்தது.

இப்போது தட்டு தேடி வருகிறவர்கள் முதலாளியைக் கேட்பதில்லை. நான் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி, “அண்ணி இருக்காங்களா?” என்கிறார்கள்.