ஒன்பது லட்சம் சொன்ன பேட்டரி

செகண்ட் ஹேண்டாக வாங்கிய என் பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி மூன்றாம் வருடம் மக்கர் செய்தது. முழுசாக சார்ஜ் ஏற்றினாலும் ஐந்தாறு கிலோமீட்டரில் பெட்ரோலுக்கு மாறிவிடும். பேட்டரியையே மாற்ற வேண்டும், ஒன்பது லட்சம் ஆகும் என்றார்கள் சர்வீஸ் சென்டரில். அந்தப் பணத்துக்குப் புது காரே வரும். விற்றுவிடலாம் என்ற முடிவோடு வண்டியை எடுக்கப் போனேன். பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஷிஃப்ட் முடித்த என் தங்கையும் யூனிஃபார்மோடு கூட வந்தாள்.

"பேட்டரிக்குள்ள இருக்கற ஒவ்வொரு மாட்யூலோட வோல்டேஜும் காட்டுங்க சார்," என்று மேனேஜரிடம் கேட்டாள். அவர் தயங்கியபடி கம்ப்யூட்டரைத் திருப்பினார். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் விரல் வைத்தாள்.

"இது ஒண்ணுதான் சார் வீக். இதை மட்டும் மாத்தினா போதும்."

"மேடம் இன்ஜினியரா?"

"இல்ல சார். பேட்டரி ஃபேக்டரில டெஸ்டிங் பண்றேன். தினம் இதே வேலைதான்."

மேனேஜர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டார். எண்பதாயிரத்தில் வேலை முடிந்தது.

தங்கை ஃபேக்டரிக்குப் போகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லவே கூசியவன் நான். இப்போது யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், முதலில் அவளைப் பற்றித்தான் சொல்கிறேன்.