பினாயில் அக்கா கழுவிய தொட்டி

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பினாயில் அக்கா என்று பெயர். அறுவை சிகிச்சைக் கத்தியையும் கத்தரிக்கோலையும் கழுவி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டியில் அவித்து எடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு மூக்கு விடைக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் கதவைத் தொட்டுவிட்டுப் போனால், அவர்கள் படி இறங்குவதற்குள் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் கிடையாது. சொந்தக்காரர்கள் வரத்து குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்படிப்பட்டவள் வீட்டு முன்னறையில் ஒரு மீன் தொட்டி இருந்ததென்றால் அது கணவரின் பிடிவாதம். அவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு, வாயைத் திறந்தாலும் சத்தம் வராத ஜீவன் ஒன்று வீட்டில் வேண்டும் என்றார். "யாரைக் குத்திக் காட்டுறீங்க?" என்று கேட்டாள். அவர் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பன்னிரண்டு நியான் மீன்கள். உடம்பில் நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. டியூட்டி முடிந்து வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

போன வாரம் அவர் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில்தான். டாக்டர் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன்மா. ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். அது நல்ல கட்டியா, கெட்ட கட்டியான்னு அதுக்கப்புறம்தான் சொல்ல முடியும். புண்ணு ஆறணும், வீட்டைச் சுத்தமா வச்சுக்குங்க."

அவள் நேராகக் கட்டிலருகே வந்து, "கட்டியை எடுத்தாச்சாம். ஒண்ணுமே இல்லையாம்" என்று கணவரிடம் சொன்னாள். தைரியத்தில் சொன்ன பொய் இல்லை அது. உண்மையைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

அவர் தலையாட்டிவிட்டு, "மீனைப் பார்த்துக்கோ. ஒரு சிட்டிகை சாப்பாடு போதும். ஃபில்டர்ல மட்டும் கை வைக்காதே" என்றார்.

டாக்டர் சொன்னது மனதில் நின்றது. புருஷன் சொன்னது காதோடு போய்விட்டது. அன்று மாலையே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டி மீது பாய்ந்தாள். மீன்களை வாளியில் விட்டாள். கூழாங்கற்களை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்தாள். ஃபில்டரைத் திறந்தால் உள்ளே ஸ்பாஞ்சு பழுப்பாய்க் கொழகொழவென்று இருந்தது. "இந்தச் சாக்கடையையா மனுஷன் வீட்டுக்குள்ள வச்சிருந்தாரு" என்று திட்டிக்கொண்டே, வெந்நீரில் ஐந்து தடவை பிழிந்து வெள்ளையாக்கினாள். குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களைத் திருப்பி விட்டாள். தொட்டி பளிச்சென்று இருந்தது. அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் அடியில் வெளுத்துக் கிடந்தன. மற்றவை தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. சகுனம், ஜோசியம் எதிலும் நம்பிக்கை இல்லாதவள் அவள். ஆனாலும் இந்த மீன்கள் போனால் அவரும் போய்விடுவார் என்று ஒரு நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. விரட்ட விரட்டப் போகவில்லை.

வார்டில் அவர் வழக்கம்போலக் கேட்டார். "மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"பன்னெண்டும் ஓடியாடிட்டு இருக்கு. நீங்க கஞ்சியைக் குடிங்க."

வெளியே வந்ததும் கால் தானாகக் காத்திருப்போர் கூடத்துக்குப் போனது. அங்கே ஒரு பெரிய மீன் தொட்டி உண்டு. பார்த்துக்கொள்கிறவர் ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். கிருமி பரவும், அந்தத் தொட்டியைத் தூக்குங்கள் என்று அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"வாங்கக்கா. மூணாவது புகாரா?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஸ்பாஞ்சையுமா கழுவினீங்க?"

"வெந்நீர்ல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது அழுக்கு இல்லக்கா. மீனோட கழிவு தண்ணியில விஷமாயிடும். அந்த விஷத்தைத் தின்னு முறிக்கிற நல்ல கிருமி அந்தக் கொழகொழப்புலதான் குடியிருக்கும். மொத்தத்தையும் அவிச்சுட்டீங்களே."

நல்ல கிருமி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்டிராத சொல்.

அவர் தன் தொட்டி ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அதே தண்ணீரோடு ஒரு கவரில் போட்டுக் கட்டினார். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் மருந்து ஒரு சின்ன புட்டியில் கொடுத்தார். "இதைக் காய விட்டுடாதீங்க. சாப்பாட்டை நிறுத்துங்க. தினம் கால்வாசித் தண்ணியை மாத்துங்க. அப்புறம் அதுங்க பாடு."

பஸ்ஸில் அந்த அழுக்குக் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். பினாயில் அக்காவோ, ஒரு கிருமிகூடச் செத்துவிடக் கூடாது என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனாள்.

அப்புறம் ஐந்து நாள். எழுந்ததும் எண்ணுவாள், பல் விளக்கிவிட்டு எண்ணுவாள், கதவைப் பூட்டிய பிறகு திறந்து வந்து இன்னொரு தடவை எண்ணுவாள். பத்துக்குக் குறையவில்லை. மேலே வந்து வாய் பிளப்பது மெல்ல நின்றது. தினமும் கணவரிடம் பன்னிரண்டு என்றே சொன்னாள்.

எட்டாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். வயிற்றைப் பிடித்தபடி தொட்டி முன்னால் உட்கார்ந்து, விரல் நீட்டி எண்ணினார்.

"பத்துதான் இருக்கு."

மறைக்க இனி ஒன்றுமில்லை. கழுவியது, வெந்நீர், இரவல் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

"தினம் கேட்டேன். பன்னெண்டும் ஓடியாடுதுன்னு சொன்னே."

"ஆமாங்க."

"எனக்கு ஒண்ணுமில்லன்னும் இதே குரல்லதான் சொன்னே."

அவள் கையிலிருந்த துணியால் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். பிறகு துணியை வைத்துவிட்டாள்.

"இன்னும் தெரியாதுங்க. கட்டியை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் நாளன்னைக்குத்தான் வரும். நல்லதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவர் தொட்டியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவள் இத்தனை நாளாய்ப் பார்க்கப் பயந்த முகம் அதுதான். ஆனால் அவர் கேட்டது வேறு.

"எட்டு நாளா தனியாவா பயந்துட்டிருந்தே?"

அவள் தலையாட்டினாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. நீயும் ஒரு தடவை எண்ணு."

கை கழுவாமலே உட்கார்ந்தாள். எண்ணினாள். ஒன்பதுதான் வந்தது. அவர் அவள் கையைப் பிடித்து ஃபில்டர் பக்கம் காட்டினார். பத்தாவது அதன் பின்னால் இருந்தது.