தங்கையின் தோலில் நீலம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நீலக்காரி என்றே பெயர். மூப்படைந்த செல்களை மட்டும் நீலமாக்கிக் காட்டும் சாயத்தைக் கலப்பது அவள் வேலை. அன்று காலை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தின நாள் சாயம் விட்டு வைத்த மூன்று தட்டுகளில் இரண்டு, அவள் தங்கையின் தோலிலிருந்து வளர்த்தவை.

தங்கைக்கு வந்திருப்பது வேலியே பயிரை மேயும் வியாதி. காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவள் தோலைத் தாக்கி, செல்களை வயசுக்கு முன்பே மூப்பாக்கி, இறுக்கிவிட்டது. அக்காவைவிடச் சின்னவள்தான், ஆனால் கடைக்காரர்கள் அவளைத்தான் "பெரியம்மா" என்கிறார்கள். அதுகூடப் போகட்டும். சலூனில் முடி வெட்டுகிறவளுக்கு விரல் மடங்காவிட்டால் எப்படி? கத்தரிக்கோலைத் தொட்டே ஒரு வருஷமாகிறது.

மூப்பைக் குறைக்கும் புது மருந்து ஒன்று வந்திருந்தது. யாருடைய செல்கள் தட்டில் அதற்குப் பணிகின்றனவோ, அவர்களுக்குத்தான் சிகிச்சையில் இடம். தங்கையின் ஒரு தட்டில் மருந்து உண்டு, மற்றதில் இல்லை. மூன்றாவது தட்டு ஒப்பிட்டுப் பார்க்க. அதில் இருந்தது நீலக்காரியின் சொந்தத் தோல்.

நுண்ணோக்கியில் குனிந்தாள். மூன்றும் நீலம். மருந்து வேலை செய்யவில்லையா? இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது: நோயே இல்லாத தன் தோல் எப்படி நீலமாகும்?

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. சாயமிட்ட தட்டுகளைச் சாதாரண சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். அவளோ பதற்றத்தில், செல் வளர்க்கும் கரியமில வாயுப் பெட்டியில் வைத்துத் தொலைத்திருந்தாள். அந்த வாயு சாயத்தில் அமிலம் ஏற்றிப் புளிக்கவைக்கும். புளித்தால் இளசும் நீலமாகும். தன்னைத் தானே வாய் நிறையத் திட்டிக்கொண்டு, மிச்சமிருந்த செல்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

சில நாள் கழித்து, அவள் தட்டில் நீலம் அங்கொன்றும் இங்கொன்றும். மருந்தில்லாத தட்டில் மொய்த்துக் கிடந்தது. மருந்திட்டதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. தலைமை டாக்டரை இழுத்து வந்து காட்டினாள். அவர் தலையாட்டியதும் தங்கையை வரச்சொன்னாள்.

"அக்கா, இதுல நான் எது?"

"ரெண்டுமே நீதான்டி. இது மருந்து போடாத நீ, அது போட்ட நீ."

தங்கை நுண்ணோக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "என்னைச் சேர்த்துப்பாங்களா?"

"சேர்த்தாச்சு. ஆனா இது தட்டுல ஆனது. கையில ஆகுமான்னு யாருக்கும் தெரியாது."

"சரி," என்று நிமிர்ந்தாள் தங்கை. முகமெல்லாம் சிரிப்பு. "அதுவரைக்கும் உன் தலையில வேற யாரையும் கை வைக்க விடாதே. முதல் வெட்டு என்னுது."