என் எழுத்துக்கு நடுவுல ஒரு க்ரீம் விளம்பரம்

இன்னிக்கு கேஎல் சென்ட்ரல்ல இருந்து கிள்ளானுக்கு கொமுட்டர் ரயில்ல வந்தேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு போன்ல என் பிளாக்கைப் படிச்சிட்டிருந்தா.

என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க "கறுப்பா இருக்கே"ன்னு சொல்லிட்டுப் போனதைப் பத்தி போன வாரம் எழுதினேனே, அதேதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. அந்த நேரம் பார்த்து நடுவுல ஒரு விளம்பரம் வந்துச்சு. 'இரண்டே வாரத்தில் வெள்ளையாகலாம்!'

பொண்ணு அதைத் தட்டித் திறந்துட்டா.

"தங்கச்சி, அந்தக் கட்டுரை நான் எழுதினது"ன்னேன்.

"ஐயோ அக்கா, நீங்களா! படிச்சு அழுகையே வந்துருச்சு. இந்த க்ரீமும் நீங்க சொல்றதுதானே? நல்லதாக்கா?"

"இல்லமா, அதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

அவ சட்டுனு அதை மூடிட்டா. எனக்குத்தான் மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

உடனே தோழி வித்யாவுக்குப் போன் பண்ணி, வேற தளத்துக்கு மாறப் போறேன்னு சொன்னேன்.

"ஃப்ரீ தளம் லா, அப்படித்தான் இருக்கும். மாறினா உன் வாசகருங்க பாதிப் பேரு காணாமப் போயிடுவாங்க."

போகட்டும்!

வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் விளம்பரமே இல்லாத ஒரு சின்ன தளத்துக்கு மாத்திட்டேன். மாசாமாசம் காசு கட்டணும், கட்டுறேன். இனி எழுதுறது நேரா உங்க ஈமெயிலுக்கு வரும். நமக்கு நடுவுல எவனும் கடை போட முடியாது.

லிங்க் முதல் கமெண்ட்ல இருக்கு. வர்றவங்க வாங்க. பழைய இடமே நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொல்றவங்களும் வாங்க, சண்டைக்கு நான் ரெடி.