மரையில் காய்ந்த சந்தனம்

என் மகளின் துப்பாக்கிக்கென்று நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிக்கான துப்பாக்கி அது. மேலும் கீழுமாக இரண்டு குழல்கள். ஒவ்வொரு குழலின் வாய்க்குள்ளும் விரல் நீளத்தில் ஒரு சிறு குழாய் மரையில் திருகி உட்காரும். அதற்குச் சோக் என்று பெயர். சுட்டதும் ரவைகள் எவ்வளவு பரவிப் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. உரிமம் மகள் பெயரில். பராமரிக்க என் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது. அவள் சுடுவாள், நான் துடைப்பேன். அன்னவாசலில் எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்.

தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்ப்பேன். சோக்கை அதற்கென்றே உள்ள சாவியால் கழற்றி, மரையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கிரீஸை மெலிதாகத் தடவுவேன். பிறகு கையாலேயே கடைசி வரை திருகி, சாவியால் ஒரே ஒரு பிடி. முழுதாக உட்காராத சோக்கோடு சுட்டால் ரவை அதன் விளிம்பில் மோதும். குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நோட்டில் அதற்கான கட்டத்தில் ஒரு டிக்.

"அப்பா, பாத்தாச்சா?" என்று கேட்பாள். "பாத்தாச்சும்மா" என்பேன். அதற்கு மேல் அவள் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆயுத பூஜையன்று துப்பாக்கியையும் பூஜையில் வைக்க வேண்டும் என்றாள் என் மனைவி.

"டிராக்டருக்கு வெச்சாச்சு, மோட்டாருக்கு வெச்சாச்சு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"கொஞ்சமா வை."

"ஒங்க நோட்டுல எழுதிக்கிட்டு வேணா வைக்கவா?"

சோக்குகளைக் கழற்றி, துடைத்து, வாழை இலையில் தனியாக நிறுத்தினேன். ஒவ்வொன்றின் மேலும் அவள் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜை முடிந்து அவற்றைத் திரும்பப் போடும்போது மழை இறங்கிவிட்டது. களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. மேலோட்டமாகத் துடைத்து, திருகி, பெட்டியில் வைத்துவிட்டு தார்ப்பாயோடு ஓடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பயிற்சிக்குப் போனாள். கொடும்பாளூரில் ஒரு கல்யாணம் என்பதால் நான் உடன் போகவில்லை. ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு, மற்றதை அப்பா பார்த்துக்கொள்வார் என்று அப்படியே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலைதான் நோட்டைத் திறந்தேன். சனிக்கிழமை திருச்சியில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. அதற்காக ஒரு வருடமாக உழைத்திருந்தாள். பூஜை நாளின் வரிசையில் கிரீஸ் கட்டம் காலியாக இருந்தது.

கீழ்க்குழலின் சோக் முனகிக்கொண்டு வெளியே வந்தது. மரையில் மஞ்சளாகச் சந்தனப் பொருக்கு. மேல்குழலின் சோக் அசையவே இல்லை. வாயைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் காகிதத் தடிமனுக்கு நகம் இடறியது. அது முழுதாக உட்காரவே இல்லை. அப்படியே ஞாயிற்றுக்கிழமை சுட்டிருக்கிறாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மரை இளக்கும் எண்ணெயை விட்டு, குழலைத் தலைகீழாக நிறுத்தினேன். அன்று முழுவதும் ஒரு மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அது கால் சுற்று, கால் சுற்றாக வெளியே வந்தது. சந்தனத்தோடு துருவும் சேர்ந்திருந்தது. மேசைக் கண்ணாடியில் உருட்டினேன். நேராக உருளாமல் நொண்டியது. சோக் கோணிவிட்டது. குழல்? உள்ளே விரலை விட்டுத் தடவினேன். சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் விரலுக்கு எவ்வளவு தெரியும்?

பெட்டியில் அதே அளவில் உதிரிச் சோக் ஒன்று இருந்தது. கிரீஸ் தடவிப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. என் கை அதை எடுத்தும் விட்டது.

அடுத்த அறையில் போட்டிக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அப்பா, பாத்தாச்சா?"

"இல்லம்மா. இங்கிட்டு வா."

பூஜை நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் சோக்கைக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை இதோடதான் சுட்டேனா?"

"ஆமா."

அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். குழலுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற கை அது.

வாசற்படியில் நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள். "சாமிக்கு வெச்ச சந்தனங்க. அது என்ன பண்ணிரும்?"

"சந்தனம் ஒண்ணும் பண்ணல. சரியாத் தொடைக்காம விட்டவன் நான்தான்."

"உதிரியப் போட்டுச் சுடலாமாப்பா?" என்றாள் மகள்.

"போடலாம். குழலு நல்லாருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னா தெரியாதுதான்." போனை எடுத்து, போட்டி நடத்துபவர்களிடம் நாளை வரவில்லை என்று சொன்னாள். பிறகு இஸ்திரியின் சுவிட்சை அணைத்தாள். அன்று மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் துப்பாக்கி பழுது பார்ப்பவர் கருவி வைத்துக் குழலை அளந்தார். பழுதில்லை. சோக்கைக் குப்பையில் போட்டார்.

"சந்தனம் வைக்கணும்னா துப்பாக்கியோட மரக்கட்டையில வைங்க சார், மரையில ஏன் வைக்கிறீங்க?" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனிக்கிழமையே சுட்டிருக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தின வெள்ளிக்கிழமை அது யாருக்கும் தெரியாது.

இப்போது சோக் சாவியைக் கயிற்றில் கட்டித் தன் சட்டையிலேயே மாட்டியிருக்கிறாள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்து, இரண்டு சோக்கையும் தானே சோதிக்கிறாள். நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறாள். அதில் டிக் அவளுடையது.

அடுத்த தேர்வு வருகிற வருடம்தான். பயிற்சியில் அவள் சுடும்போது நான் பின்னால் நின்று அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தட்டு உடைந்ததா என்று பக்கத்தில் நிற்பவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.