அறுபத்து நான்கு கம்பு வேலியும் ஐந்து ஆடுகளும்

என் மனைவி முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டினாள். நாளொன்றுக்கு முந்நூறு மரம். முந்நூறும் நட்ட இடத்திலேயே நின்றன. ஓய்வு பெற்ற பின் அவள் வாங்கிய ஐந்து ஆடுகள் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

நான் அதே தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்தவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. எங்கள் வீட்டிலிருந்து கரவனெல்ல பஸ் நிற்கும் பாதைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது நூற்று எழுபதாவது படியில் மூச்சு வாங்குகிறது. அது நூற்று அறுபத்தைந்தாகக் குறைந்துவிடுமோ என்று வேறு கவலை.

ஆடுகளுக்குப் பெயர் வைக்கவில்லை, வந்த வரிசையில் எண் கொடுத்தேன். ஒன்று, காது கிழிந்த கறுப்புத் தாய். கொட்டில் கதவின் கொக்கியை உதட்டால் தூக்கக் கற்றது அதுதான். இரண்டும் மூன்றும் அதன் மகள்கள். மூன்று சுவரோரமாக நிற்க, இரண்டு அதன் முதுகில் ஏறி வெளியே குதிக்கும். நான்கு மண்ணைத் தோண்டும். ஐந்து சின்னக் குட்டி. எந்தத் தந்திரமும் தெரியாது, பலகை இடுக்கால் அப்படியே நடந்து போய்விடும். மூன்று மாதத்தில் பதினோரு தடவை ஓடின. ஒரு தடவை கோயிலில் பிள்ளையார் கழுத்து மாலையைத் தின்றுவிட்டன. இன்னொரு தடவை பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெண்ணின் பையிலிருந்து கீரைக் கட்டை இழுத்தன. கீரைக்குப் பதில் கீரை வாங்கிக் கொடுக்க நான் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் இரண்டு முறை ஏற வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொரு காலையும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள். காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டு எண்ணும் இடத்தைத் தோட்டத்தில் பெரட்டுக்களம் என்போம்.

"கிளாக்கர் ஐயா, இன்னைக்கு பெரட்டுக்கு எத்தன பேர் வரல?"

"அஞ்சும் இருக்கு."

"அப்ப நம்ம மொளகாக் கன்ன திங்கிறது யாரு, ஐயாவா?"

திரும்பிப் பார்த்தால் நான்குதான் இருக்கும்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த சரிவில் பழைய மரங்களை வெட்டிவிட்டு, தோட்டத்தில் புதிதாக ரப்பர் கன்றுகள் நட்டார்கள். இடுப்பளவு உயரம், நுனியில் இளம் இலை. ஆடுகள் அதற்குள் இரண்டு தடவை போய்விட்டன. முதல் தடவை மூன்று கன்று, இரண்டாம் தடவை ஏழு; பத்துக்கும் பதில் வேறு கன்று நட்டார்கள். இரண்டையும் பீல்ட் ஒபிசர் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அரநாயக்கப் பக்கத்துச் சிங்களவர், சின்ன வயதுக்காரர். தோட்டத்தில் பழகிய தமிழில் பேசுவார்.

"ஐயா கோவிச்சுக்க வேணாம். ரெண்டு தடவ நான் பேசாம இருந்தது. மூணாவது போட்டோ எடுத்தா மேனேஜர் தொரைக்கு போடத்தான் வேணும். அப்புறம் ஆடு இங்க வைக்க ஏலாது."

அவர் போன பிறகு மனைவி அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். பால் வெட்டு நின்ற முதல் வருடம் இப்படித்தான் இருந்தாள். விடியுமுன் எழுந்து, போவதற்கு இடமில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். அப்படி எத்தனை காலைகள் போயின என்று நான் எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது. ஆடுகள் வந்த பிறகுதான் அவள் மறுபடியும் யாரையாவது திட்டிக்கொண்டே காலையில் வெளியே இறங்கினாள்.

ஆகவே நல்ல வேலி ஒன்று போடுவதென்று தீர்மானித்தேன். எங்கள் பக்கத்தில் வேலி என்றால் கிளிரிசீடியாக் கம்பு. மழைக்காலத்தில் வெட்டி நட்டால் பத்து நாளில் துளிர்த்துவிடும். வீட்டைச் சுற்றி, பாதையோரம், தோட்டத்து எல்லை, எங்கும் அதுதான். வேறு மரத்தில் வேலி போடலாம் என்று யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

"அத ஆடு திங்குமேங்க" என்றாள் மனைவி. "நானே தெனம் வெட்டிப் போடுறேன்."

"எல எட்டினா திங்கும். கம்ப எப்படி திங்கும்? அது மரம்."

அறுபத்து நான்கு கம்புகள். சாணுக்கு ஒன்றாகக் கொட்டிலைச் சுற்றி நட்டு, குறுக்கே மூங்கில் வைத்துக் கம்பியால் கட்டினேன். முதுகு வலி ஒன்பது நாள் இருந்தது. மழை பெய்தது, கம்புகள் துளிர்த்தன. ஆடுகள் ஓடவில்லை. பத்து நாள், பதினைந்து நாள், இருபத்து மூன்று நாள். நான் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டே வேலியைக் காட்டினேன்.

ஓடாததற்குக் காரணம் இருபத்து நான்காம் நாள் தெரிந்தது. இத்தனை நாளும் அவை துளிரைத் தின்று, பிறகு பட்டையை உரித்துத் தின்று, காய்ந்த கம்பை ஆட்டி ஆட்டித் தளர்த்திக்கொண்டிருந்திருக்கின்றன. வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் பச்சையாக இருந்தது. பின்பக்கம் நான்கு கம்புகள் படுத்துக் கிடந்தன. கொட்டிலில் பூஜ்யம்.

மனைவியும் நானும் சரிவில் இறங்கினோம். ஒபிசர் அங்கே நின்றுகொண்டிருந்தார், கையில் போன்.

"பாத்து எடுங்க சார்" என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "என்னத்த திங்குதுங்கன்னு பாத்து எடுங்க."

பார்த்தோம். கன்றுகளின் அடியில் போடுவதற்குத் தோட்டத்தார் கிளிரிசீடியாக் கிளைகளை வெட்டிக் குவித்திருந்தார்கள். ஐந்தும் அந்தக் குவியலைச் சுற்றி நின்று, ரப்பர் பக்கம் தலையைத் திருப்பாமல் மென்றுகொண்டிருந்தன. எனது வேலியில் பழகிய வாய்.

ஒபிசர் போனைத் தாழ்த்தினார். "சரி, ஐயாவே எண்ணிப் பாருங்க. ஒங்க எண்ணிக்கையத்தான் ஆபீஸ்ல இன்னும் நம்புவாங்க. ஒண்ணும் கடிக்கலன்னா நான் ஒண்ணும் பாக்கல."

எட்டு வரிசை, வரிசைக்குப் பதினான்கு கன்று. நுனியைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனேன். ஆறாவது வரிசைக்கு வந்தபோது மனைவி எனக்கு முன்பே போய் ஒரு கன்றுக்கு முன்னால் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகாமல் அகலமாகப் பிடித்திருந்தாள்.

"இது நல்லாருக்கு. அடுத்ததுக்கு போங்க."

"கொஞ்சம் தள்ளு."

"நாந்தான் பாத்துட்டேனே!"

தள்ளினாள். நுனி இலை இல்லை. கடித்த இடத்தில் வெள்ளைப் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மீதி இரண்டு வரிசையையும் எண்ணி முடித்தேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்த காலைகள் எல்லாம் என் முன்னால் வந்தன. ஆனால் வாய் திறந்ததும் வந்தது எண்ணிக்கைதான்.

"நூற்றுப் பதினொன்று நல்லது. ஒன்று கடிபட்டது."

"நாப்பது வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேன்" என்றாள் மனைவி. "ஒரு தடவையாச்சும் தப்பா எண்ணத் தெரியுதா ஒங்களுக்கு?"

ஒபிசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஏறி வேலியைப் பார்க்கப் போனார். உரிந்த கம்புகளைத் தடவிப் பார்த்தவர், அப்படியே என் வாசல் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வர, சிங்களத்தில் ஐயோ சொல்லிச் சிரித்தார்.

"அனே ஐயா! இது வேலி இல்ல, ஆட்டுக்கு சாப்பாட்டுக் கட. எங்க வீட்லயும் ஆடு இருந்தது. பாக்கு மரத்த பிளந்து அடிக்கணும், அத வாயில வைக்காது."

பிறகு சிரிப்பை நிறுத்தி எழுந்தார். "தொரைக்கு இப்ப சொல்லல. பாக்கு மரத்துல கொட்டில் அடிங்க. அந்த ஒரு கன்னு ஒங்க பொறுப்பு. அது மறுபடி துளிர்த்தா ஆடு இருக்கட்டும். செத்துப் போச்சுன்னா நான் மறைக்க ஏலாது."

கொட்டிலை நான்கு நாளில் அடித்தோம். பக்கத்து வீட்டுக்காரியின் கணவர்தான் மரம் பிளந்தார், நான் ஆணி எண்ணிக் கொடுத்தேன். ஆறாவது வரிசைக் கன்றைச் சுற்றிப் புல் பிடுங்கி, சாணம் வைத்து, வெயில் நாளில் தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை இறங்கிப் போய்ப் பார்ப்பேன். மனைவி இடையில் எனக்குத் தெரியாமல் ஒரு தடவை போவாள். சாணத்தில் அவள் விரல் தடம் இருக்கும். பன்னிரண்டாம் நாள் தண்டு சுருங்கியது போலத் தோன்றியது. அன்று ஐந்து தடவை இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

பதினேழாம் நாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டுதான் இறங்கினேன், தனியாகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடிபட்ட இடத்துக்கு இரண்டு விரல் கீழே, செம்பு நிறத்தில், நகத்தளவு மூன்று இலைகள். நான் இன்னொரு தடவை எண்ணினேன். அவள் குனிந்து, தொடாமல், மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

மேலே கொட்டிலில் ஐந்தும் சேர்ந்து கத்தத் தொடங்கின.

"வாரேன்டி, வாரேன்" என்று உரக்கக் கத்திவிட்டு, கிளிரிசீடியாக் கிளை ஒன்றை முறித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மேலே ஏறினாள். நான் ஒபிசருக்குப் போன் பண்ணினேன்.